ரவுட்டர் பாதுகாப்பு படிக்கத் தொடங்கும் போனக்காட்டுப் பிள்ளைகளுக்குப் பத்து அறிவுரைகள்

போனக்காட்டு லயங்களிலிருந்தும் விதுரா பக்கத்திலிருந்தும் கணினிப் பாதுகாப்பு படிக்கப் புறப்பட்டிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தோட்டம் முடங்கிக் கூலி நின்றுபோன வீடுகளுக்குப் படிப்பு ஒன்றுதான் முதல். அதை எதில் போடுவது என்று கேட்கிறீர்கள். வீட்டு மூலையில் கிடக்கிற ரவுட்டரில் தொடங்குங்கள் என்பேன். அதன் நிர்வாகப் பக்கத்தில் இருபது ஆண்டுகளாக ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. பெயர் கமாண்ட் இன்ஜெக்‌ஷன். இந்த ஒன்றை அடிமுதல் நுனிவரை புரிந்துகொண்டவருக்கு மற்றப் பிழைகள் பாதி புரிந்த மாதிரி.

1. கருவிகளைத் தேடி ஓடாதீர்கள்; முதலில் பிழையைப் புரிந்துகொள்ளுங்கள்.

ரவுட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு சிறிய லினக்ஸ் கணினி. அதன் நிர்வாகப் பக்கத்தில் "பிங்" சோதனைக்கு ஒரு கட்டம் இருக்கும். அதில் 8.8.8.8 என்று தருகிறீர்கள். உள்ளே இருக்கும் நிரல், பிங் என்ற கட்டளையோடு அதை ஒட்டி ஒரே வரியாக்கி, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லிடம் கொடுக்கிறது. ஷெல்லுக்குச் செமிகோலன் என்றால் ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று அர்த்தம். ஆகவே ஒருவர் "8.8.8.8; ரீபூட்" என்று கொடுத்தால் பிங் ஓடி முடிந்ததும் பெட்டி அணைந்து எழும். தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் எழுதச் சொன்ன இடத்தில் ஒருவர் தன் பேரோடு "இவருக்கு இரட்டைக் கூலி போடவும்" என்றும் சேர்த்து எழுதிவிட, கணக்கப்பிள்ளை அதையும் உத்தரவாக எடுத்துக்கொண்டு போட்டுவிடுவது போன்றது இது. எழுதியவர் மேல் மட்டும் குற்றம் சொல்லி முடிக்க முடியாது. பேரையும் உத்தரவையும் பிரித்துப் பார்க்காத முறையே கோளாறு.

2. பழைய வரலாற்றைப் படியுங்கள்.

2002இல் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை வெளியிட்டது. அதன் பிங் பக்கத்தில் இதே ஓட்டை இருந்தது. ஆர்வலர்கள் அந்தக் கட்டத்தின் வழியாகவே தங்கள் சொந்தப் பெட்டிக்குள் கட்டளை செலுத்தி, வேறு மென்பொருள் ஏற்றுவதற்கான வழியைத் திறந்துகொண்டார்கள். 2003இல் அதன் மூல நிரல் வெளிவந்தது. அதன்மேல் 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. இன்று நீங்கள் இலவசமாகப் படிக்கக்கூடிய மிகச் சிறந்த ரவுட்டர் மென்பொருள் அதுதான். அதை ஒரு பழைய பெட்டியில் ஏற்றி, ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் என்ன ஓடுகிறது என்று படித்துப் பாருங்கள். வேறு எந்தப் பாடத்திட்டத்திலும் இது கிடைக்காது.

3. எந்தக் கட்டத்தையும் அற்பமாக நினைக்காதீர்கள்.

டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 ரவுட்டரில் மொழியும் நாடும் தேர்ந்தெடுக்கும் பகுதி ஒன்று உண்டு. நாட்டின் பெயரில் யார் என்ன செய்துவிட முடியும் என்றுதான் தோன்றும். அங்கே வந்த மதிப்பைச் சரிபார்க்காமல் கட்டளை வரியில் சேர்த்திருந்தார்கள். முதல் கோரிக்கையில் மதிப்பு பதிவாகும், இரண்டாவதில் அது ஓடும். பாஸ்வேர்டு தேவையில்லை, ஓடுவதோ ரூட் என்ற முழு அதிகாரத்தில். 2022 டிசம்பரில் டொரொன்டோவில் நடந்த போன்2ஓன் ஹேக்கிங் போட்டியில் இது வெளிப்பட்டது. பதிவெண் சிவிஇ-2023-1389. 2023 மார்ச்சில் திருத்தம் வந்தது. ஏப்ரலிலேயே மிராய் வகைத் தீநிரல்கள் திருத்தம் ஏற்றாத பெட்டிகளைப் பிடிக்கத் தொடங்கிவிட்டன. நம் ஊர் வீடுகளில் ஏராளமாகப் பார்க்கும் டபிள்யூஆர்740என், டபிள்யூஆர்841என் மாடல்களில் இதே வகைப் பிழை இருந்த இடம் வைஃபை பெயர் எழுதும் கட்டம். அது சிவிஇ-2023-33538. பழைய மாடல் என்று ஒதுக்கிவிடாதீர்கள், அவைதான் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

4. "உள்ளேயிருந்து மட்டும்தான் திறக்கும்" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

2018இல் தென்கொரியாவின் டாசன் நிறுவன ஜிபான் ரவுட்டர்களில் இரண்டு பிழைகள் சேர்ந்தே வெளிவந்தன. முகவரியின் கடைசியில் ஒரு சிறு துண்டைச் சேர்த்தால் லாகின் பக்கத்தைத் தாண்டிவிடலாம் என்பது முதலாவது. பிங் கட்டத்தில் கட்டளை நுழைக்கலாம் என்பது இரண்டாவது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் அளவானவை. சேர்ந்தபோது வீதியில் போகிற யாருக்கும் வாசல் திறந்தது. அதற்கு முன்பு, 2016 நவம்பர் 27 அன்று, ஜெர்மனியின் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 9 லட்சம் பேருக்கு இணைப்பு தடைப்பட்டது. சேவை நிறுவனங்கள் தூரத்திலிருந்து ரவுட்டரைப் பராமரிக்க வைத்திருக்கும் 7547 போர்ட் வழியாக, நேர சர்வரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தாக்கியவர்கள் கட்டளை அனுப்பினார்கள். அந்த ஊர்ப் பெட்டிகள் வசப்படவில்லை, ஆனால் தாக்குதலின் சுமையிலேயே செயலிழந்தன. வெளிவாசலை மூடிவிட்டாலும் இன்னொரு வழி மிச்சம் இருக்கிறது: வீட்டிலுள்ள ஒருவர் திறக்கும் தீய இணையப் பக்கம், அவருடைய பிரவுசரைக் கொண்டே 192.168.1.1க்குக் கோரிக்கை அனுப்பும்.

5. ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் தீநிரலால் முடங்கின. அங்கே கமாண்ட் இன்ஜெக்‌ஷன் கூடத் தேவைப்படவில்லை. மாற்றப்படாத பழைய "அட்மின்" பாஸ்வேர்டே போதுமானதாக இருந்தது. பிரிக்கர்பாட் வகைத் தீநிரல் செய்தது திருட்டல்ல, அழிப்பு. மோடத்தின் நினைவகத்தையே நாசம் செய்தது. பாதுகாப்பில்லாத பெட்டிகளை அகற்றுவது பொதுச்சேவை என்று அதை எழுதியவர் வாதிட்டார். அந்த வாதத்தில் மயங்காதீர்கள். மோடம் செத்த வீட்டில் ஒரு பிள்ளை விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளாக இருந்திருக்கலாம். டவர் சரியாகக் கிடைக்காத மலையடிவார வீட்டில் அது மருத்துவமனையைத் தொடர்புகொள்ள இருந்த ஒரே வழியாக இருந்திருக்கலாம். அடுத்தவர் பெட்டியைக் கெடுத்துப் பாடம் கற்பிக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

6. சொந்தப் பெட்டியைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

கல்லூரி ரவுட்டர், ஹாஸ்டல் ரவுட்டர், பக்கத்து வீட்டு வைஃபை, இணையத்தில் தேடிக் கிடைத்த ஏதோ ஒரு முகவரி, எதுவும் உங்களுடையதல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவின்படி உரிமையாளரின் அனுமதியில்லாமல் நுழைந்தாலே இழப்பீட்டுக்குப் பொறுப்பு வரும். நேர்மையற்ற நோக்கம் சேர்ந்தால் 66ஆம் பிரிவு பாயும்: மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "சும்மா பார்த்தேன்" என்பது வாதமாகாது. வழக்கு நடத்த வசதியில்லாத வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதை இரண்டு தரம் சொல்லவேண்டியிருக்கிறது.

7. பழைய ரவுட்டர் ஒன்றை வாங்கி, இணையத்தோடு இணைக்காமல் மேசையில் வையுங்கள்.

பழைய பொருள் கடையில் கிடைப்பதே போதும். மூடியைத் திறந்தால் பலகையில் வரிசையாக மூன்று நான்கு துளைகள் தெரியும். பல மாடல்களில் அதுதான் சீரியல் போர்ட். பெரும்பாலும் 3.3 வோல்ட்டில் வேலை செய்யும். 5 வோல்ட் அடாப்டரை இணைத்தால் சிப் கருகிவிடலாம். மல்டிமீட்டரால் அளந்து, கிரவுண்டைக் கண்டுபிடித்த பிறகே கம்பியை வையுங்கள். பவர் முனையை இணைக்கவே வேண்டாம். வேகம் பொதுவாக 115200. சரியாக இணைந்தால் பெட்டி எழும்போது சொல்லும் ஒவ்வொரு வரியும் திரையில் ஓடும். பிறகு நிறுவனத்தின் தளத்திலிருந்து ஃபர்ம்வேரை இறக்கி, பின்வாக் என்ற கருவி கொண்டு பிரியுங்கள். இணையப் பக்கங்களைக் கையாளும் நிரலைக் கீட்ரா என்ற கருவியில் திறந்து, "சிஸ்டம்", "பிஓபன்" என்ற இரண்டு ஃபங்ஷன்களையும் அழைக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி நடந்து, அந்த வரிக்குள் வரும் மதிப்பு எந்தக் கட்டத்திலிருந்து கிளம்பியது என்று பாருங்கள். பொறுமையான வேலைதான், படிப்பு முழுவதும் இதற்குள் இருக்கிறது.

8. நிரூபிக்கும்போது தீங்கில்லாததைக் கொண்டே நிரூபியுங்கள்.

பல கட்டங்கள் விடையைத் திரையில் காட்டாது. அப்போது "ஸ்லீப்" கட்டளை உதவும். ஐந்து வினாடி என்றால் பதில் ஐந்து வினாடி தாமதிக்க வேண்டும். பத்து என்றால் பத்து. எண்ணை மாற்றி மாற்றிப் பலமுறை பாருங்கள். ஒருமுறை தாமதமானதை வைத்துப் பிழை என்று அறிவித்துவிடாதீர்கள். கோப்பை அழிப்பது, அமைப்பை மாற்றுவது போன்றவை உங்கள் சொந்தப் பெட்டியில்கூட வேண்டாம். கையின் பழக்கம்தான் பிறகு குணமாகும்.

9. உடைக்கக் கற்ற அன்றே திருத்தவும் கற்றுக்கொள்ளுங்கள்.

செமிகோலனை மட்டும் வடிகட்டித் திருத்தம் என்று வெளியிட்டால், புதுவரி, பின்மேற்கோள், டாலர் குறியோடு அடைப்பு, பைப் என்று மற்ற வாசல்கள் திறந்தே கிடக்கும். கூடாதவற்றைப் பட்டியலிடாமல், கூடியவற்றை மட்டும் அனுமதியுங்கள். ஐபி முகவரி கேட்ட இடத்தில் வந்தது ஐபி முகவரிதானா என்று முழுசாகப் பிரித்துப் பாருங்கள். பெயர் கேட்ட இடத்தில் எழுத்து, எண், புள்ளி, இடைக்கோடு தவிர வேறெதுவும் வேண்டாம். முதல் எழுத்து இடைக்கோடாக இருக்கவும் கூடாது, இருந்தால் கட்டளை அதைத் தன் விருப்பத்தேர்வாக எடுத்துக்கொள்ளும். இந்தச் சோதனை சர்வரில் நடக்கவேண்டும். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் சோதனையை யாரும் தாண்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஷெல்லைக் கூப்பிடாதீர்கள். "எக்செக்விஇ" போன்ற வழியில் கட்டளையையும் மதிப்புகளையும் தனித்தனியாகக் கொடுத்தால் செமிகோலன் வெறும் எழுத்தாகவே நிற்கும். 2024 ஜூலையில் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் எஃப்பிஐயும் சேர்ந்து நிறுவனங்களுக்கு விடுத்த வேண்டுகோளின் சாரமும் இதுதான்: பயனர் தரும் தகவலையும் கட்டளையையும் பிரித்து வையுங்கள்.

10. கண்டதை முறையாகச் சொல்லுங்கள்.

மாடல், ஹார்டுவேர் பதிப்பு, ஃபர்ம்வேர் பதிப்பு, செய்த படிகள், விளைவு, உங்களுக்குத் தெரிந்த திருத்தம் என எல்லாவற்றையும் எழுதி முதலில் தயாரித்த நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு இருக்கிறது. சிவிஇ எண் வழங்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. 90 நாள் காத்திருப்பது துறையில் நிலைத்த வழக்கம். அதற்குள் பெருமைக்காக வெளியிட்டால் பாதிக்கப்படுவது நிறுவனமல்ல, திருத்தம் வராத வீடுகள். தனியாகவும் கற்காதீர்கள். கொல்லம் அமிர்தபுரியின் பயோஸ் மாணவர் அணி உலகப் போட்டிகளில் ஆடுகிறது. கேரளக் காவல்துறை முன்னின்று நடத்தும் கொக்கூன் மாநாடும் நம் மாநிலத்தில்தான் நடக்கிறது. போய்க் கேளுங்கள், பேசுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, அனுமதி கேட்டு, நாலு வீட்டு மோடத்தைப் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள், ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், திருத்தம் நின்றுபோன மாடல் என்றால் மாற்றச் சொல்லுங்கள். நாளைக்கு டெக்னோபார்க்கிலோ வேறெங்கோ இப்படிப்பட்ட பெட்டிக்கு நிரல் எழுதும் வேலை உங்களில் ஒருவருக்குக் கிடைக்கும். அவசரம் என்று மேலாளர் நெருக்குவார், பயனர் தந்ததை அப்படியே ஒட்டி ஷெல்லுக்கு அனுப்பினால் இரண்டே நிமிடத்தில் வேலை முடியும். அந்த வரியை எழுதாதீர்கள். இன்னும் ஒரு மணி நேரம் கேளுங்கள்.