லோபானும் பென்சீனும்: ஒரு சொல்லும் ஒரு திரவமும்

தமிழ்த்துறை மலரில் தீப்பற்றும் திரவம் ஒன்றைப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். பாலாற்றங்கரை ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோலும் காலணியுமே பல குடும்பங்களின் அடுப்பை எரிக்கின்றன. காலணியின் அடிப்பகுதியை மேற்பகுதியோடு பிணைப்பது பசை. பசையை இளக்கி வைப்பது ஆவியாகும் திரவம். அத்தகைய திரவங்களுள் வரலாற்றில் மிகுந்த உயிர்களைக் குடித்தது பென்சீன். அதன் பெயரோ நாம் நன்கறிந்த ஒரு நறுமணப் பொருளிலிருந்து பிறந்தது. ஆகவே சொல்லாராய்ச்சி வழியாகவே இப்பொருளுக்குள் நுழைவது தமிழ் மாணவர்க்கு எளிதாகும்.

சொல் வந்த வழி

நாம் சாம்பிராணி என்றும், உருது வழங்கும் இல்லங்களில் லோபான் என்றும் கூறும் பிசின், சுமத்திராத் தீவிலிருந்து மரக்கலங்களில் வந்தது. அக்காலத்து அரபியர் சுமத்திராவையும் ஜாவா என்றே வழங்கினர். எனவே அப்பிசினுக்கு 'லுபான் ஜாவி' என்று பெயரிட்டனர். 14ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதாவும் இதனைக் குறித்துள்ளார். இப்பெயர் ஐரோப்பியர் வாய்ப்பட்டபோது, முதலில் உள்ள 'லு' என்பதைத் தம் மொழியில் பெயர்க்கு முன் வரும் சுட்டு என மயங்கி அவர்கள் உதிர்த்துவிட்டனர். எஞ்சியது 'பெஞ்சுயி' ஆகிப் பின்னர் 'பென்சாயின்' ஆயிற்று. அப்பிசினிலிருந்து கிடைத்த அமிலம் பென்சாயிக் அமிலம் எனப்பட்டது. 1833ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் மிட்செர்லிக் அவ்வமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி, நிறமற்ற ஒரு திரவத்தை வடித்தெடுத்து, அதற்குப் 'பென்சின்' எனப் பெயர் சூட்டினார். மைக்கேல் ஃபாரடே 1825இலேயே விளக்கு வாயு உருளைகளில் தங்கிய எண்ணெயிலிருந்து இதே திரவத்தைப் பிரித்திருந்தார். எனினும் மிட்செர்லிக் இட்ட பெயரே நிலைத்தது.

இச்சொல்லின் பயணம் அத்துடன் முடியவில்லை. அரபு நாடுகள் பலவற்றில் இன்று பெட்ரோலுக்குப் 'பன்சீன்' என்று பெயர். அரபு மண்ணிலிருந்து புறப்பட்ட சொல் ஐரோப்பாவைச் சுற்றி வேறு பொருளோடு தாயகம் திரும்பியிருக்கிறது. அங்குப் பணிபுரிந்து திரும்பியோர் சிலர் பென்சீனும் பெட்ரோலும் ஒன்றே என எண்ணுவதற்கு இதுவே காரணம் போலும். இரண்டும் வேறு. ஆயினும் பெட்ரோலிலும் சிறிதளவு பென்சீன் உண்டு. இந்தியாவில் பாரத் நிலை 6 விதிப்படி அது நூற்றுக்கு 1 பங்கை மிஞ்சக்கூடாது.

தீயின் இயல்பு

திரவம் எரிகிறது என்று நாம் கூறுவது வழக்கே தவிர உண்மையன்று. எரிவது அதன் மேலெழும் ஆவி. எந்த வெப்பநிலையில் ஒரு திரவம் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளுமளவு ஆவியை விடத் தொடங்குகிறதோ, அதனைத் தீப்பற்றுநிலை என்பர். பென்சீனுக்கு அது சுழியத்திற்குக் கீழே 11 பாகை செல்சியசு. நம் மாவட்டங்களின் மார்கழிப் பனியும் அதற்கு வேனிற்காலமே! மூடியைத் திறந்த கணத்திலிருந்து அது எரியக் காத்திருக்கிறது.

இதனினும் நுட்பமான ஒன்றுண்டு. பென்சீன் ஆவி காற்றைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு கனமுடையது. புகையைப்போல் மேலெழுந்து சாளரம் வழியே போய்விடாது. தரையோடு தவழ்ந்து, பள்ளங்களிலும் கழிவுநீர்க் கால்வாய்களிலும் தங்கும். தொலைவில் தேநீர் காய்ச்சும் அடுப்பைத் தீண்டி, வந்த வழியே தீயாகத் திரும்பும். காற்றில் நூற்றுக்கு 1.2 பங்கு முதல் 7.8 பங்கு வரை ஆவி கலந்திருந்தால் அது வெடிக்கும் கலவையாகும். ததும்ப நிறைந்த பீப்பாயைக் காட்டிலும், காலி என்று ஓரமாக உருட்டிவிடப்பட்ட பீப்பாய் கொடியதாவது இதனால்தான். உள்ளே திரவம் இராது. ஆவியும் காற்றும் வெடிக்கும் அளவில் கலந்திருக்கும். அதனை வெட்டவோ பற்றவைக்கவோ முனைந்தோர் பலர் மீண்டதில்லை.

இத்தீக்கு முதலில் இரையானோருள் ஒருவர் இத்துறையின் முன்னோடியே ஆவார் என்பது துயரமான செய்தி. நிலக்கரித் தாரிலிருந்து பென்சீனைப் பெருமளவில் பிரிக்கும் முறையை 1840களின் இறுதியில் வகுத்தவர் சார்லசு மான்சுஃபீல்டு என்னும் ஆங்கிலேயர். 1855 பிப்ரவரியில், பாரீசுக் கண்காட்சிக்காக இலண்டனில் ஓர் அறையில் இத்திரவத்தை அவர் காய்ச்சி வடித்துக்கொண்டிருந்தபோது, வடிகலம் பொங்கித் தீப்பற்றியது. கட்டடத்தைக் காக்க எண்ணி, எரியும் கலத்தைத் தம் கைகளால் ஏந்தித் தெருவுக்கு ஓடினார். ஒன்பது நாள்களுக்குப் பின் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 35. பென்சீனை அவரைவிட நன்கறிந்தோர் அன்று ஒருசிலரே இருந்திருப்பர். அறிவு ஒருபுறம் இருக்க, எரியும் கலத்தைத் தூக்குதல் ஆகாது, விட்டு வெளியேறுதலே முறை என்னும் விதி எத்துணை விலைக்குப் பெறப்பட்டது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

குருதியில் நேரும் கேடு

தீ கண்ணுக்குத் தெரியும். பென்சீனின் மற்றொரு தீங்கு தெரியாது. மூச்சின் வழியும் தோலின் வழியும் உட்புகும் பென்சீன், கல்லீரலில் ஃபீனால் முதலிய பொருள்களாக மாறி, குருதியணுக்கள் பிறக்கும் எலும்பு மச்சையைச் சிதைக்கிறது. 1897இல் சுவீடன் நாட்டு மருத்துவர் சாண்டெசன், மிதிவண்டி டயர்த் தொழிற்சாலையில் ரப்பரை இளக்கப் பென்சீனைப் பயன்படுத்திய இளம்பெண்கள் குருதி வற்றி இறந்ததைப் பதிவு செய்தார். உலகம் அதனைப் போதிய அளவு செவிமடுக்கவில்லை.

நமக்கு மிக நெருங்கிய சான்று இசுதான்புல் நகரிலிருந்து கிடைக்கிறது. அந்நகரின் காலணிப் பட்டறைகள் சிறியவை, காற்றோட்டம் குன்றியவை. அங்கே பென்சீன் கலந்த மலிவான பசைகள் புகுந்தன. துருக்கியக் குருதியியல் மருத்துவர் முசாஃபர் அக்சோய், தம் மருத்துவமனைக்கு வந்த இரத்தப் புற்று நோயாளிகளிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டார்: 'உங்கள் தொழில் என்ன?' காலணித் தொழிலாளர் ஏறத்தாழ 28,500 பேர் இருந்த நிலையில், அவர்களுள் 26 பேருக்கு இரத்தப் புற்றோ அதன் முன்னிலையோ இருந்ததை 1974இல் வெளியிட்டார். பொதுமக்களிடம் காணப்பட்ட வீதத்தைப்போல் இஃது இரு மடங்காகும். பட்டறைகளின் காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு 200 பங்குக்கும் மேலாகச் சில வேளைகளில் பென்சீன் இருந்தது. அமெரிக்கா 1987இல் எட்டு மணிநேர வேலைக்கு விதித்த வரம்பு பத்து இலட்சத்தில் ஒரு பங்கே. அக்சோயின் பெருமை அவர் கையாண்ட கருவிகளில் இல்லை. அவர் கேட்ட அக்கேள்வியில் இருக்கிறது என்பது என் துணிபு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பென்சீனை ஐயத்திற்கிடமின்றிப் புற்று விளைவிக்கும் பொருள்களின் முதற்பிரிவில் வைத்துள்ளது.

பென்சீனை விலக்கியோர் சிலவிடங்களில் ஹெக்சேனை நாடினர். 1960களில் ஜப்பானில் வீட்டிலிருந்தே செருப்பு ஒட்டிய தொழிலாளர்க்கு அது நரம்புகளைப் பாழாக்கிக் கைகால்களைச் செயலிழக்கச் செய்தது. இன்று டொலுயீன், எத்தில் அசிட்டேட்டு முதலியன மிகுதியாகப் பயன்படுகின்றன. இவை இரத்தப் புற்றுக்குப் பேர்போனவை அல்ல. ஆனால் எளிதில் தீப்பற்றுவதில் பென்சீனுக்குத் தங்கை முறை. தரம் குறைந்த தின்னரில் பென்சீன் கலந்திருக்கவும் கூடும்.

கையாளும் நெறி

மணம் வந்தால் விலகிக்கொள்ளலாம் என்று எண்ணுவது பெரும்பிழை. இதன் இனிய மணம் மூக்கில் படும்போதே வரம்பு கடந்திருக்கும். சிறிது நேரத்தில் மூக்கும் பழகிவிடும். வாயில் கைக்குட்டை கட்டுவதால் தூசி நிற்கலாம், ஆவி நிற்காது. கரி அடைத்த ஆவிவடிப்பான் பொருத்திய முகமூடியே வேண்டும். ஆவி கனமானதாதலால், காற்றை வெளியேற்றும் விசிறி கூரையருகே மட்டும் இருந்தால் பயன் சிறிது. வேலைமேசை மட்டத்திலும் தரையருகிலும் இழுக்குமாறு அமைத்தல் நன்று. ஒரு கலத்திலிருந்து மற்றொன்றிற்கு ஊற்றுகையில் ஓட்டத்தாலேயே மின்னேற்றம் உண்டாகிப் பொறி பறக்கும். எனவே இரு உலோகக் கலங்களையும் கம்பியால் இணைத்து, நிலத்தோடும் இணைத்த பின்னரே ஊற்றவேண்டும். பிளாஸ்டிக் வாளி இதற்கு அறவே ஆகாது.

பற்றிக்கொண்டால் தண்ணீரைப் பீய்ச்சுதல் கூடாது. பென்சீன் நீரில் மிதப்பது. நீரோடு தீயும் ஓடும். நுரை, உலர்தூள், கரியமில வாயு ஆகியவற்றுள் ஒன்றே உதவும். ஆவியில் மயங்கி விழுந்தவரைத் தூய காற்றுக்குக் கொணர்க. ஆனால் தொட்டிக்குள் விழுந்தவரை மீட்க மூச்சுக்கருவியின்றி இறங்குவோர் இரண்டாம் பிணமாவர். தவறி விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யலாகாது, திரவம் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். மேலில் பட்டால் நனைந்த ஆடையைக் களைந்து சோப்பு நீரால் கழுவவேண்டும். கைகளில் படிந்த பசையையும் கிரீசையும் தின்னராலும் பெட்ரோலாலும் கழுவும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் பரவலாக உள்ளது; அதனைக் கண்டவிடத்துத் தடுக்க மாணவர்கள் தயங்கவேண்டா.

பென்சீன் நஞ்சேற்றத்தை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் கட்டாயம் அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் மேற்பகுதி தைக்கும் வேலை நடைபெறும் வீட்டுத் திண்ணைக்கு எந்த ஆய்வாளரும் வருவதில்லை. காரணமின்றிக் களைப்பும், வெளிறிய முகமும், பல்லீறில் குருதிக் கசிவும் தோன்றினால் மருத்துவரிடம் தொழிலைச் சொல்லிக் குருதியணு எண்ணிக்கையைப் பார்த்துவிட வேண்டும்.

தமிழ் பயில்வோர் செய்யத்தக்க பணி ஒன்றும் உளது. ஆங்கிலத்தில் 'ஃபிளேமபிள்', 'இன்ஃபிளேமபிள்' என்னும் இரண்டும் ஒரே பொருளன; ஆயினும் பின்னது 'தீப்பற்றாதது' எனப் பிழையாகக் கொள்ளப்படுவதுண்டு. தமிழில் இம்மயக்கத்திற்கே இடமில்லை. பெரிய கலத்திலிருந்து சிறு டின்களுக்கு மாற்றும்போது முதற்கலத்தின் எச்சரிக்கைச் சீட்டு உடன்வருவதில்லை. அச்சிறு டின்களின்மேல் ஒட்டுவதற்குச் சிவப்புச் சாய்சதுரத்துள் தீச்சுடர்ப் படமும், 'எளிதில் தீப்பற்றும், ஆவியை முகராதீர், தோலில் படவிடாதீர், அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாமல் வைக்க' என்னும் சொற்களும் போதுமானவை. உருது மட்டுமே படிக்கத் தெரிந்த முதியோர் இல்லத்திலிருப்பின், அதே சொற்களைக் கீழே உருதுவிலும் எழுதுக.