ஆர்.வி. ஹீட்டரில் தண்ணீர் வெதுவெதுப்பாகவே வருகிறதா?

அமெரிக்காவில் பள்ளி விடுமுறை விட்டதும் ஆர்.வி. எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று குடும்பத்தோடு கிளம்பும் நம்மவர்கள் பலர். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் கூடவே வருவார்கள். மலைப் பகுதிகளில் ஜூன் மாத விடியற்காலையும் நடுக்கும். அந்த நேரத்தில் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாக மட்டும் தண்ணீர் வந்தால் வயதானவர்கள் எப்படிக் குளிப்பார்கள்? ஹீட்டர் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் ஹீட்டர் நன்றாகவே சூடாக்கிக் கொடுத்திருக்கும். வழியில் எங்கோ பச்சைத் தண்ணீர் புகுந்து, நீங்கள் கேட்காமலே விளாவிக்கொண்டிருக்கும்.

1. தண்ணீர் சூடாகவே இல்லையா, சூடான பிறகு கலக்கிறதா? முதலில் இதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஹீட்டரைப் போட்டுவிட்டு கேஸ் என்றால் அரை மணி நேரம், கரண்ட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருங்கள். ஹீட்டரின் பின்பக்கம் கட்டிலுக்கு அடியிலோ, சிங்க் அலமாரியின் பலகைக்குப் பின்னாலோ இருக்கும். கீழ்க் குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீர் டாங்குக்குள் போகும். மேல் குழாய் வழியாக வெந்நீர் வெளியே வரும். யாரையாவது சிங்கில் வெந்நீரைத் திறந்துவிடச் சொல்லிவிட்டு, மேல் குழாயை அது டாங்கை விட்டு வெளியே வரும் இடத்திலேயே விரல் நுனியால் தொட்டு உடனே எடுங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் ஹீட்டர் மேல் குற்றமில்லை. அடுத்த நான்கு குறிப்புகளைப் பாருங்கள். அந்த இடமே வெதுவெதுப்பாக இருந்தால் 7-ஆம் குறிப்புக்குப் போய்விடலாம்.

2. பைபாஸ் வால்வு. ஆர்.வி. வெந்நீர்ப் புகார்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான், அதுவும் வசந்த காலத்தில். குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்க, தண்ணீரை வடித்துவிட்டு இளஞ்சிவப்பு ஆண்டிஃப்ரீஸ் ஓட்டுவார்கள். ஆறு காலன் டாங்கையும் அதனால் நிரப்புவது வீண் செலவு என்பதால், ஹீட்டரைத் தொடாமல் பச்சைத் தண்ணீர்க் குழாயிலிருந்து வெந்நீர்க் குழாய்க்கு நேரே போகும் ஒரு குறுக்குக் குழாய் வைத்திருப்பார்கள். குளிர்காலம் முடிந்ததும் அதை மூட மறந்தாலோ, பாதி மூடினாலோ, குறுக்குவழியில் பச்சைத் தண்ணீர் வந்து வெந்நீரோடு சேர்ந்துவிடும்.

மூன்று வால்வுகள் உள்ள அமைப்பில் டாங்குக்குள் போகும் வால்வும் வெளியே வரும் வால்வும் திறந்திருக்க வேண்டும். குறுக்குக் குழாயின் வால்வு மூடியிருக்க வேண்டும். கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் வால்வு திறந்திருக்கிறது, குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கைப்பிடி சாய்வாக நின்றால் பாதி திறந்திருக்கிறது. தொல்லை தருவது பெரும்பாலும் இந்த நிலைதான். வால்வு சரியான நிலைக்கு வந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷமும் உதவும்.

3. வெளிப்பக்க ஷவர். சேற்றுக் கால் கழுவவும் நாயைக் குளிப்பாட்டவும் வண்டியின் வெளிச்சுவரில், சிறு கதவுக்குள் ஒரு கைஷவர் இருக்கும். அதில் சூட்டுக்கு ஒரு திருகு, குளிருக்கு ஒரு திருகு, ஷவர் தலையில் தண்ணீரை நிறுத்த ஒரு பொத்தான். குழந்தைகள் காலைக் கழுவிவிட்டு பொத்தானை மட்டும் அழுத்தி, இரண்டு திருகுகளையும் திறந்தபடியே விட்டுவிடுவார்கள். வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அந்த இடத்தில் இரண்டு குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன! பச்சைத் தண்ணீர் அங்கே நுழைந்து, வண்டியின் வெந்நீர்க் குழாய் முழுவதும் கலக்கும். சமையலறை சிங்கில் வெந்நீர் வரவில்லையே என்று ஹீட்டரைக் கழற்றுவதற்கு முன்னால், வெளியே போய் அந்தக் கதவைத் திறந்து இரண்டு திருகுகளையும் இறுக்கி மூடுங்கள். உள்ளே குளியலறை ஷவரிலும் இதே பொத்தான் இருந்தால், குளித்து முடித்ததும் திருகுகளையும் மூட எல்லோருக்கும் பழக்கிவிடுங்கள்.

4. இரண்டும் சரியாக இருந்தும் கலப்பு தொடர்கிறதா? ஹீட்டரை அணைத்துவிட்டு, டாங்குக்குள் பச்சைத் தண்ணீர் போகும் வால்வை மூடுங்கள். பைபாஸும் மூடியே இருக்கட்டும். பம்ப் ஓடட்டும், அல்லது கேம்ப்கிரவுண்ட் தண்ணீர் இணைப்பு திறந்திருக்கட்டும். இப்போது ஒரு வெந்நீர்க் குழாயை மட்டும் திறங்கள். சிறிது தண்ணீர் வந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால், எங்கோ பச்சைத் தண்ணீர் வெந்நீர்ப் பக்கத்துக்குத் தாவுகிறது. மூடிய பைபாஸ் வால்வே உள்ளுக்குள் கசியலாம். ஒற்றைக் கைப்பிடி உள்ள குழாய்களில் உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்து, இரண்டு பக்கமும் கலக்கவிடலாம். குழாய்களுக்கு அடியில் தனித்தனி அடைப்பு வால்வு இருந்தால் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடும்போது ஓட்டம் நிற்கிறதோ, அதில்தான் கோளாறு.

5. வெந்நீர் வெளியே வரும் இடத்தில் சில வண்டிகளில் சிறிய பிளாஸ்டிக் செக் வால்வு இருக்கும். தண்ணீரை ஒரே பக்கமாகப் போகவிடுவதுதான் அதன் வேலை. உப்புத் துணுக்கு சிக்கினால் அது பாதியில் மாட்டிக்கொள்ளும். வெந்நீர்ப் பக்கம் மட்டும் தண்ணீர் மெலிந்து வந்தால் இதைப் பாருங்கள். வேறு சில ஹீட்டர்கள் டாங்கில் தண்ணீரைக் கூடுதலாகச் சூடாக்கி, வெளியே வரும்போது ஒரு கலப்பு வால்வு மூலம் அளவாக விளாவித் தரும். அந்த வால்வு பழுதானால் மாற்றுவது தவிர வழியில்லை.

6. முதலில் நல்ல சூடு, ஐந்தாறு நிமிடத்தில் ஆறிப்போகிறது என்றால் பழுது ஒன்றும் இல்லை. ஆறு காலன் டாங்க் என்பது சுமார் 23 லிட்டர். உடம்பை நனைத்ததும் நிறுத்தி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசினால் ஒருவருக்குத் தாராளமாகப் போதும். அடுத்தவர் குளிக்கப் போகும் முன் இருபது நிமிடம் இடைவெளி கொடுங்கள். பெரியவர்களை முதலில் குளிக்க அனுப்புங்கள்.

7. கரண்டில் ஓடும்போது. பல ஹீட்டர்களில் 120 வோல்ட்டில் இயங்கும், ஏறக்குறைய 1,400 வாட் ஹீட்டிங் எலிமெண்ட் இருக்கும். இதை ஓட்டும் ஸ்விட்ச் சில மாடல்களில் வண்டிக்கு வெளியே, ஹீட்டர் கதவுக்கு உள்ளே கீழ் மூலையில் ஒளிந்திருக்கும். உள்ளே இருக்கும் ஸ்விட்சை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய. கேம்ப்கிரவுண்ட் நிரம்பி எல்லோரும் ஏசி போட்டிருக்கும் மதியத்தில் வோல்டேஜ் 105-க்கு இறங்கினால், எலிமெண்ட் தரும் சூடு கிட்டத்தட்ட கால் பங்கு குறையும். அப்போது கேஸையும் சேர்த்துப் போடுங்கள்.

எலிமெண்ட் கருகிவிட்டதா என்று பார்க்க, பிரேக்கரை அணைத்து, வயர்களைக் கழற்றி, மல்டிமீட்டர் வையுங்கள். 1,440 வாட் எலிமெண்ட் சுமார் 10 ஓம் காட்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் புதிது வாங்க வேண்டியதுதான். டாங்க் காலியாக இருக்கும்போது ஸ்விட்சைப் போட்டால் எலிமெண்ட் சீக்கிரமே கருகிவிடும். வெந்நீர்க் குழாயில் காற்று இல்லாமல் சீராகத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகே ஸ்விட்சில் கை வையுங்கள்.

8. கேஸில் ஓடும்போது. ஹீட்டரின் வெளிக்கதவு வழியே தீயைப் பாருங்கள். நீலமாக, இரைச்சலோடு நேராக எரிய வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக அசைந்தால் காற்று போதவில்லை என்று பொருள். பர்னர் குழாய்க்குள் சிலந்தி வலையோ மண்குளவிக் கூடோ அடைத்திருக்கும். சில மாதம் சும்மா நின்ற வண்டியில் இது சகஜம். கேஸை மூடி, நன்றாக ஆறவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் உள்ளே தேய்த்து எடுங்கள். கதவில் கரி படிந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகியிருக்கிறது. சரிசெய்யும்வரை ஹீட்டரைக் கேஸில் ஓட்ட வேண்டாம்.

அடுப்பிலும் தீ மெலிவாக இருந்தால் கோளாறு சிலிண்டர் பக்கம். பிரொபேன் சிலிண்டரை வேகமாகத் திறந்தால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு வால்வு ஓட்டத்தைச் சுருக்கிவிடும். மூடிவிட்டு, சில நிமிடம் கழித்து மெதுவாகத் திறங்கள். கேஸ் வாடை வந்தால் சோதனை ஏதும் வேண்டாம்: சிலிண்டரை மூடுங்கள், எல்லோரையும் வெளியே அழைத்துப் போங்கள்.

9. டாங்கில் உப்புப் படிவு. அரிசோனா, நெவாடா பக்கத் தண்ணீரில் உப்பு அதிகம். அது எலிமெண்ட் மீது வெள்ளை ஓடாகப் படிந்து சூட்டைத் தடுக்கும். வருஷத்துக்கு ஒருமுறை டாங்கை வடித்துக் கழுவுங்கள். வரிசை முக்கியம்: கேஸும் கரண்டும் அணைக்க வேண்டும், தண்ணீர் முழுவதும் ஆற வேண்டும், பம்பையும் வெளி இணைப்பையும் நிறுத்த வேண்டும், வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். பிறகுதான் அடி மூடியைக் கழற்ற வேண்டும். சூடாக, அழுத்தத்தோடு இருக்கும்போது கழற்றினால் கொதிநீர் முகத்தில் பாயும்.

சபர்பன் ஹீட்டராக இருந்தால் மூடியோடு ஒரு மக்னீசியக் கம்பியும் வெளியே வரும். கழற்ற 1-1/16 அங்குல சாக்கெட் தேவை. டாங்கின் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, அந்தக் கம்பி தானே கரைந்து போகும். புதிதில் கட்டைவிரல் தடிமனில் இருப்பது, நாளடைவில் குழி குழியாக அரிக்கப்பட்டு, நடுவிலிருக்கும் மெல்லிய கம்பி வெளியே தெரியும். முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அட்வுட் ஹீட்டரின் டாங்க் அலுமினியம். அதில் பிளாஸ்டிக் மூடி மட்டுமே, கம்பி போடக் கூடாது.

10. டாங்க் இல்லாத உடனடி ஹீட்டர். இதில் குழாயை முழுவதும் திறந்தால்தான் சூடு குறையும். 42,000 பி.டி.யூ. ஹீட்டர் 80 சதவீதத் திறனில், நிமிடத்துக்கு ஒன்றரை காலன் தண்ணீரைச் சுமார் 25 டிகிரி செல்சியஸ் மட்டுமே உயர்த்தும். மலையில் 7 டிகிரியில் வரும் தண்ணீர் 32 டிகிரி ஆகும். குளிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஓட்டத்தை ஒரு காலனாகக் குறைத்தால் அதே தண்ணீர் 44 டிகிரிக்கு வரும். ரொம்பவும் குறைத்துவிட்டால் ஹீட்டர் அணைந்துவிடும், ஆகவே படிப்படியாகக் குறையுங்கள்.

11. வெந்நீர் திரும்பியதும் கவனம். இந்த டாங்குகளில் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 54 அல்லது 60 டிகிரியில் நிலையாக வைக்கப்பட்டிருக்கும். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கும். கலப்பு நின்ற பிறகு குழந்தைகளையும் தாத்தா பாட்டியையும் ஷவருக்கு அனுப்பும் முன், நீங்களே விளாவிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

12. வண்டியை வாடகைக்கு எடுக்கிறீர்களா? சாவி வாங்கும்போதே ஹீட்டரைப் போடச் சொல்லி, அரை மணி நேரம் இருந்து, சிங்கில் வெந்நீர் வருகிறதா என்று பாருங்கள். பைபாஸ் வால்வு எங்கே, வெளி ஷவர் எங்கே, ரீசெட் பொத்தான் எங்கே என்று கேட்டு வையுங்கள். அந்தப் பொத்தான் ஒருமுறை துள்ளினால் அழுத்திப் பார்க்கலாம். மறுபடியும் துள்ளினால் தொடாதீர்கள், வாடகைக்குக் கொடுத்தவரையே கூப்பிடுங்கள்.