இரத்தக் கொதிப்பு 180/110ஐத் தாண்டினால்

ஒருவருக்கு இரத்த அழுத்தக் கருவி 190/115 என்று காட்டுகிறது. அவருக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. காலையில் சந்தைக்குக்கூடப் போய் வந்திருக்கிறார். இன்னொருவருக்கும் அதே 190/115தான். ஆனால் அவருக்கு நெஞ்சு இறுகுகிறது, மூச்சு வாங்குகிறது. இருவருக்கும் செய்ய வேண்டியது ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை வீட்டில் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கிளினிக்கில் பல முறை அளந்தும் அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம், அதாவது நாம் சொல்லும் இரத்தக் கொதிப்பு. 180/110ஐத் தொட்டால் அது கடுமையான நிலை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்கள் 10 பேரில் 3 பேருக்கு இந்நோய் இருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. தலை சுற்றினால்தான் கொதிப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலோருக்கு அது எந்த அறிகுறியும் காட்டுவதில்லை.

உடனே 999ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

அழுத்தம் மிக உயர்ந்திருக்கும்போது மூளை, இருதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றில் ஒன்று பாதிக்கப்படத் தொடங்கினால் அது அவசர நிலை. கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

– முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரென்று செயலிழத்தல், பேச்சுக் குளறுதல்
– இதற்கு முன் வந்திராத கடும் தலைவலி, குழப்பம், வலிப்பு, நினைவிழத்தல்
– நெஞ்சு வலி, அல்லது நெஞ்சிலிருந்து முதுகுக்குக் கிழிப்பதுபோல் பரவும் வலி
– படுக்க முடியாத அளவுக்கு மூச்சுத் திணறல்
– திடீரென்று பார்வை மங்குதல்

இந்த அறிகுறிகள் இருந்தால், அளவு 180க்குக் கீழே இருந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் கருவி இல்லையே என்று பக்கத்து வீட்டில் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

பக்கவாதத்தில் நேரம் மிக முக்கியம். மூளையின் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால், அடைப்பைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அடைப்பா, கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. "கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்று மாமா சொல்லிவிட்டுத் தூங்கப் போனால், அந்த நேரமெல்லாம் அவருக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையிலிருந்து கழிகிறது. அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.

அளவு உயர்வு, ஆனால் அறிகுறி இல்லை

முதலில் உட்காருங்கள். முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் 5 நிமிடம் ஓய்வெடுங்கள். கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து மீண்டும் அளந்து பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் காப்பி குடித்திருந்தாலோ, புகைத்திருந்தாலோ, சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலோ அளவு கூடுதலாகக் காட்டும். மீண்டும் 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். கிளினிக் மூடியிருந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். அன்றைய மாத்திரையை மறந்திருந்தால் வழக்கமான அளவை மட்டும் சாப்பிடுங்கள்.

இரண்டு மாத்திரையாகப் போட வேண்டாம், பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையும் வேண்டாம். பல ஆண்டுகள் உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிவிட்ட மூளை, அது ஒரேயடியாக விழுந்தால் போதிய இரத்தம் கிடைக்காமல் திணறும். வந்த கொதிப்பைவிட அவசரமாகக் குறைத்ததால் பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அதனால்தான் அறிகுறி இல்லாதவருக்கு மருத்துவர்களும் பல மணி நேரம், சில வேளை நாள் கணக்கில், படிப்படியாகவே குறைக்கிறார்கள். கிளினிக்கில் ஊசி போடாமல் மாத்திரை கொடுத்து உட்கார வைத்தால், கவனிக்கவில்லை என்று கோபப்பட வேண்டாம்.

கைப்பேசியில் சுற்றிவரும் ஒரு செய்தி, பக்கவாதம் வந்தவரின் விரல் நுனிகளை ஊசியால் குத்தி இரத்தம் எடுக்கச் சொல்கிறது. அதனால் ஒரு பயனும் இல்லை, நேரம்தான் போகும். வாய் கோணியவருக்குத் தண்ணீரோ எலுமிச்சை நீரோ கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். ஒன்றும் கொடுக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

ஏன் இவ்வளவு உயர்கிறது?

முக்கியக் காரணம் மாத்திரையை நிறுத்துவது. அளவு 130க்கு வந்ததும் "குணமாகிவிட்டது" என்று நிறுத்துகிறார்கள். குணமானதால் அது 130க்கு வரவில்லை. மாத்திரை அங்கே பிடித்து வைத்திருக்கிறது. சிலர் சொல்லாமல் நிறுத்துவதற்கு வேறு காரணமும் உண்டு. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கத்தையும், பெரிண்டோபிரில் சிலருக்கு வறட்டு இருமலையும் தரும். இதை மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார். வெளியூரில் பிள்ளைகள் வீட்டில் தங்கப் போகிறவர்கள் முன்கூட்டியே மருந்தகத்தில் சொன்னால், அந்த ஊர் அரசாங்க மருந்தகத்தில் மருந்து எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்து தருவார்கள்.

1945 ஏப்ரல் 12ஆம் நாள் அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தலையின் பின்புறம் கடுமையாக வலிப்பதாகச் சொல்லி நினைவிழந்தார். அழுத்தம் 300/190. மூளை இரத்தக் கசிவால் அன்றே இறந்தார். பல ஆண்டுகளாக உயர்ந்திருந்த அவருடைய அழுத்தத்தை நன்றாகக் குறைக்க அன்று தகுந்த மருந்து இல்லை. இன்று மலேசியக் குடிமக்கள் அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிக்குப் பரிசோதனையும் மருந்தும் பெறலாம்.

அடுத்தது உப்பு. பேராக்கில் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் போன்ற வட்டாரங்களில் நம் முந்திய தலைமுறை விடியுமுன் பிரட்டுக்குப் போய், மதியம் வரை வியர்வை சிந்திப் பால்மரம் வெட்டியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. உழைப்பு தோட்டத்தோடு நின்றுவிட்டது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் கூடவே வந்துவிட்டன. ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலேசியர்கள் சராசரியாக 7.9 கிராம் சாப்பிடுகிறார்கள். சோயா சாஸ், உடனடி மீ பொட்டலத்தின் தூள், ரொட்டி சானாய்க்கு இரண்டு முறை ஊற்றும் குழம்பு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே நமக்குப் பெருமைதான், ஆனால் உப்புக் கடலையை ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள்.

மூட்டு வலிக்கு வாங்கும் மாத்திரைகளையும் கவனியுங்கள். டைக்ளோஃபினாக், மெஃபனாமிக் அமிலம் போன்றவை அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரண்டே நாளில் வலியைப் போக்கும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல முறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இல்லாததை வாங்காதீர்கள். இருமலுக்கு நாம் நம்பும் அதிமதுரம்கூட நாள்தோறும் அதிகமாகச் சாப்பிட்டால் அழுத்தத்தை ஏற்றும்.

கர்ப்பிணிகளுக்கு

இங்கே 180 வரை காத்திருக்கக் கூடாது. 20 வாரங்களுக்குப் பிறகு 140/90 என்றாலே மருத்துவர் பார்க்க வேண்டும். அதோடு கடும் தலைவலி, கண்ணில் மின்னல், மேல் வயிற்று வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அடுத்து வலிப்பு வரலாம். குழந்தை பிறந்த பின்பும், குறிப்பாக முதல் வாரத்தில், இது வரக்கூடும். பத்தியத்தில் இருக்கும் தாய்க்குத் தலை வலித்தால், தலையில் தண்ணீர் ஊற்றியதால்தான் என்று பாட்டி சொல்லக்கூடும். அழுத்தத்தை அளந்து பார்த்த பிறகு அதைப் பேசிக்கொள்ளலாம்.

அழைக்கும்போது

தோட்டங்களுக்கு நாம் வைத்த தமிழ்ப் பெயர் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குத் தெரிந்திருக்காது. தோட்டத்தின் பதிவுப் பெயர், சாலையின் பெயர், அருகிலுள்ள கோயில் அல்லது தமிழ்ப்பள்ளியின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கதவருகே ஒட்டி வையுங்கள். நோயாளியின் மருந்துகளைக் கிளினிக் புத்தகத்தோடு ஒரே பையில் போடுங்கள். இரவு நேரமென்றால் ஒருவர் டார்ச் விளக்கோடு முச்சந்தியில் நிற்கட்டும்.