வீட்டிற்குள் ஒரு சுமைதாங்கி

தலைச்சுமையோடு நெடுந்தூரம் நடப்போருக்காக முற்காலத்தில் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நட்டு வைத்தனர். நிமிர்ந்து நின்ற இரு கற்களின் மேல் ஒரு கல் குறுக்கே கிடக்கும். வழிப்போக்கன் பிறர் உதவியின்றியே சுமையை அதன்மேல் இறக்கி வைப்பான். சற்று இளைப்பாறியபின் தானே அதை மீண்டும் ஏற்றிக்கொள்வான். சுமையின் எடை குறைந்துவிடவில்லை. ஆயினும் அதை இறக்கி வைக்க ஓர் இடம் இருந்ததால் அவனால் ஊர் போய்ச் சேர முடிந்தது.

வீட்டிலிருந்தே அலுவலகப் பணி செய்வோர் பலர் இன்று இழந்து நிற்பது அந்த இடத்தைத்தான்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, இலட்சக்கணக்கானோரின் வீடே அலுவலகமாயிற்று. பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களில் சாலையிலும் ரயிலிலும் கழிந்த நேரம் மிச்சமாயிற்று என்று முதலில் மகிழ்ந்தனர். நாளடைவில் அவர்களுள் பலரைப் புதியதொரு களைப்பு பற்றிக்கொண்டது. எங்கும் போகவில்லை, எனினும் உடல் ஓய்ந்தது. உறங்கி எழுந்தாலும் சோர்வு தீரவில்லை. ஊரடங்கு முடிந்தபின்னும் வீட்டுப்பணி பலருக்குத் தொடர்கிறது. இந்தக் களைப்பும் தொடர்கிறது.

சோர்வின் இயல்பு

நியூயார்க் நகரில் இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டாற்றிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் என்ற உளவியலார், இத்தகைய பணிச்சோர்வைப் பற்றி 1974-இல் எழுதினார். தம்முடன் முழு ஈடுபாட்டோடு உழைத்தவர்களே இதற்கு ஆளாவதை அவர் கண்டார். ஆகவே இதைச் சோம்பல் என எண்ணுவது தவறு.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறியது. முதலாவது, ஆற்றல் வற்றிய நிலை. இரண்டாவது, செய்யும் பணியின்மீது விலகலும் கசப்பும். மூன்றாவது, செயல்திறன் குறைதல். இது நோய் அன்று என்றும், பணியிட நெருக்கடியை நெடுநாள் சரிவரக் கையாளாததால் விளைவது என்றும் அந்நிறுவனம் விளக்கியது.

மறைந்த எல்லை

அலுவலகம் மனிதனுக்குக் கேளாமலேயே ஓர் எல்லையைத் தந்தது. புறப்படும் நேரம், பயணம், மாலையில் மூடப்படும் கதவு ஆகியவை, 'இன்றைய பணி முடிந்தது' என்று மனத்திற்கு அறிவித்தன. வீட்டிலோ உணவருந்தும் மேசையே பணிமேசையாகவும் இருக்கிறது. அமெரிக்க நிறுவனங்களுக்காகப் பணிபுரிவோரின் நிலை இன்னும் கடினமானது. நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது, பருவத்திற்கேற்ப இங்கே மாலை 6.30 அல்லது 7.30 மணி. வீட்டில் விளக்கேற்றும் வேளையில் அங்கே பணிநாள் தொடங்குகிறது.

குழந்தை பள்ளியில் நடந்ததைச் சொல்ல வருகிறது. தாய் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் 'உம்' கொட்டுகிறாள். நாளடைவில் குழந்தை சொல்ல வருவதையே நிறுத்திவிடுகிறது. அவள் இரவும் பகலும் உழைப்பது அந்தக் குழந்தைக்காகத்தான். பணிச்சோர்வு பறித்துக்கொள்வது எதை என்பது இதிலிருந்து விளங்கும்.

இறக்கி வைக்கும் பயிற்சி

எல்லை தானாக அமையாதபோது அதை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

1. தொடக்கமும் முடிவும்: காலையில் குளித்து உடைமாற்றி, தெருவில் பத்து நிமிடம் நடந்துவிட்டுப் பணியில் அமரலாம். முடித்தபின்னும் அவ்வாறே நடந்து வரலாம். இழந்த பயணத்தின் பயனை இது ஓரளவு மீட்டுத் தரும்.

2. இடம்: தனி அறை இல்லாவிடினும் தனி மூலை போதும். அதுவும் இயலாதெனில், பணி முடிந்ததும் கணினியைப் பையில் இட்டுக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட வேண்டும்.

3. எழுதி வைத்தல்: அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 57 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. செய்ய வேண்டியவற்றைப் படுக்கும்முன் ஐந்து நிமிடம் பட்டியலிட்டவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கினர். தாளில் இறக்கி வைத்ததை மனம் சுமக்க வேண்டியதில்லை.

4. திரை: காணொலிக் கூட்டங்களில் தன் முகத்தையே தான் பார்த்துக்கொண்டிருப்பதும், அசையாமல் அமர்ந்திருப்பதும் களைப்பை மிகுவிக்கும். தன் உருவம் தனக்குத் தெரியாதபடி மறைத்து வைக்கலாம். குரல் போதுமான இடத்தில், தொலைபேசியில் நடந்தபடியே பேசலாம்.

5. சொல்லி வைத்தல்: இரவுக் கூட்டம் தவிர்க்க இயலாதெனில், மறுநாள் தாமதமாகத் தொடங்குவதை மேலாளரிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது நலம்.

தலைமையில் இருப்போருக்கும் இதில் கடமை உண்டு. பணியாளர் தாங்கும் அளவுக்கு மேல் வேலையைச் சுமத்திவிட்டு, மனப்பயிற்சி செய்யுமாறு அவரிடம் கூறுவது நியாயமாகாது. பிரான்ஸ் நாட்டில், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், பணி நேரத்திற்குப்பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை குறித்துப் பணியாளர்களுடன் பேச வேண்டும் என்ற சட்டம் 2017 முதல் நடைமுறையில் உள்ளது.

இவற்றையெல்லாம் செய்தும் உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது வாழ்வில் நம்பிக்கை அற்றுப்போவதாகத் தோன்றினால், தயங்காமல் மருத்துவரை நாட வேண்டும். மைய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணான 14416-ஐயும் கட்டணமின்றி அழைக்கலாம்.

சுமையை இறக்கி வைத்த வழிப்போக்கனைக் கடமை தவறியவன் என்று எவரும் கூறியதில்லை. மறுபடியும் அதைத் தூக்கி நடப்பதற்காகவே அவன் சற்று நின்றான். கணினியை மூடிவிட்டுக் குழந்தையின் பக்கம் முகம் திருப்பும் தாயும் அவ்வாறே நிற்கிறாள்.