ஆறு மணிக்குள் அடுப்பு ஆற வேண்டும்

ஆனைகட்டியில் சமையலுக்கு நேரம் குறிப்பது வயிறு அல்ல, யானை. கோவையிலிருந்து தடாகம் சாலையில் மாங்கரைச் சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறினால் சுமார் முப்பது கிலோமீட்டரில் ஊர் வந்துவிடும். அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி, இந்தப் பக்கம் நம் கோவை மாவட்டம். அங்கே நண்பர் ஒருவரின் தோட்டத்தில் விடுமுறை நாட்களில் கூடிச் சமைப்பது எங்கள் வழக்கம். இருட்டிய பிறகு வேலியோரம் யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது. அரிசியும் உப்பும் வாழையும் பலாவும் இருக்கும் இடம் யானைக்குத் தெரியும். ஆகவே மூன்றரைக்கு அடுப்பு மூட்டினால் ஆறு மணிக்குள் உண்டு, கழுவி, கங்கை அணைத்து, மிச்சம் மீதியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியாக வேண்டும். நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்கியதுதான்.

முதலில் இடம். காட்டுக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. காப்புக்காட்டில் தீ வைப்பது தமிழ்நாட்டில் 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படியும், கேரளத்தில் 1961ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படியும் குற்றம். பட்டா நிலமாக இருந்தாலும் மாசி, பங்குனியில் நாங்கள் வெளியில் மூட்டுவதில்லை. மேற்கு அட்டப்பாடி மழையில் நனையும்போது ஆனைகட்டிப் பக்கம் மழை மறைவில் காய்ந்து கிடக்கும். இலையுதிர் காலத்தில் ஒரு பொறி போதும். இடுக்கி எல்லையை ஒட்டிய குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய காட்டுத்தீ மலையேறப் போனவர்களில் 23 பேர் உயிரைக் குடித்தது. அதுவும் இதே காய்ந்த மாதம், இதே காய்ந்த புல். ஆடிக் காற்று வீசும் நாட்களிலும் வேண்டாம். ஐப்பசி மழை விட்ட பிறகு மார்கழி, தை வரை நல்ல காலம்.

அடுப்புக்கு மூன்று கல் போதும். ஆனால் கொடுங்கரைப் பள்ளம் ஓடையில் வழுவழுவென்று கிடக்கிறதே என்று ஆற்றுக் கல்லை எடுத்து வராதீர்கள். உள்ளே ஊறிய நீர் சூட்டில் ஆவியாகிக் கல்லைப் பிளந்து சில்லு தெறிக்கும். வரப்பில் வெயிலில் கிடந்த கல்லே சரி. சுற்றிலும் ஐந்தடிக்குச் சருகைக் கூட்டித் தள்ளி, மண் தெரியச் செதுக்கிவிட்டு, ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்த பிறகே தீப்பெட்டியைத் தொட வேண்டும். பாத்திரத்தின் அடிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் தீ மூச்சுத் திணறிப் புகையும். கூடினால் சூடெல்லாம் காற்றுக்குப் போகும்.

விறகு விஷயத்தில் நகரத்துக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே நோய்: பெரிய கட்டையைத் தேடுவது. தோட்டத்து வேலைக்கு வரும் இருளர் பாட்டி ஒருவர் எங்கள் விறகுக் குவியலைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சாமி, கல்யாணச் சோறா ஆக்கப் போறீங்க?" என்று கேட்டார். நாலு பேர் சோற்றுக்குப் பெருவிரல் தடிமனில் ஒரு கட்டும், மணிக்கட்டுத் தடிமனில் நாலைந்தும் போதும் என்று அவரே பிரித்துக் காட்டினார். பற்ற வைக்கத் தென்னம் பன்னாடையும் காய்ந்த பாளையும் இருக்க, மண்ணெண்ணெய் எதற்கு? இங்கே புதராக மண்டியிருக்கும் உண்ணிச்செடியின் காய்ந்த குச்சி சட்டென்று பிடித்துச் சடசடவென்று எரியும். கொதி வரும்வரை அது போதும். நின்று எரிய வேலம், புளி. கங்குக்குக் கொட்டாங்குச்சி. அரளிக் குச்சியை மட்டும் கையாலும் தொட வேண்டாம், அதன் புகையும் நஞ்சு.

பாத்திரம் அடி கனமானதாக இருக்கட்டும். குக்கரின் கைப்பிடி கருகும். ரசத்துக்கு என்று ஈயச் சொம்பைக் கொண்டுவந்தால் சொம்பே உருகும். அடுப்பில் ஏற்றுமுன் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் ஈரச் சாம்பலையோ களிமண்ணையோ மெல்லப் பூசிவிட்டால், கரி அதன் மேல்தான் படியும். பிறகு தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் கையோடு வந்துவிடும். இருட்டும் நேரத்தில் கரி தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க யாருக்கும் ஆசை இருக்காது.

இனி சமையல். சோறு தனி, குழம்பு தனி, பொரியல் தனி என்று மூன்று பாத்திரம் வைக்க நேரமில்லை. கொங்கு நாட்டில் அதற்கென்றே பிறந்தது அரிசிம்பருப்புச் சோறு. நாலு பேருக்கு இரண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு. பருப்பை மட்டும் விறகு பொறுக்கும் நேரத்திலேயே ஊற வைத்துவிடுங்கள். ஊர் அறுநூறு மீட்டருக்கு மேலே இருக்கிறது, தண்ணீர் கடல் மட்டத்தில் கொதிப்பதைவிட இரண்டு டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். ஊறாத பருப்பு அரிசியோடு சேர்ந்து வேகாது. கடலை எண்ணெயில் கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, கை நிறையச் சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி, மஞ்சள், கொஞ்சம் மிளகாய்த்தூள். ஏழு டம்ளர் தண்ணீர். கொதித்ததும் உப்பு, அரிசி, பருப்பு. அட்டப்பாடித் துவரையும் இடுக்கியின் காந்தளூர்–வட்டவடைப் பூண்டும் 2022இல் புவிசார் குறியீடு பெற்றவை. இரண்டும் கிடைத்தால் விடாதீர்கள். அந்தப் பூண்டின் காரத்துக்கு நான் அடிமை.

கவனம் வேண்டியது இதற்குப் பிறகுதான். தண்ணீர் வற்றி, அரிசிக்குச் சமமாக வந்து, மேலே குமிழி குமிழியாக ஓட்டை விழும். அந்த நொடியில் எரியும் விறகை எல்லாம் வெளியே இழுத்துவிட வேண்டும். கீழே கங்கு மட்டும். மூடிபோட்டு, மூடியின் மேலும் ஒரு கரண்டிக் கங்கை வைத்துவிட்டு கால் மணி நேரம் திறக்கவே கூடாது. அடிபிடித்த சோற்றில் முக்கால்வாசி இந்த இடத்தில் விறகை இழுக்காததால் வந்தது. எரிகிற தீயைப் பார்க்கும் சுகத்தில் யாருக்கும் அதை இழுக்க மனம் வருவதில்லை.

வெளியே இழுத்த கங்கும் வீணில்லை. எண்ணெய் தடவி, கத்தியால் குத்திய கத்திரிக்காயையும் தக்காளியையும் அதில் திருப்பித் திருப்பிச் சுட்டு, கருகிய தோலை உரித்து, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, துளி புளி வைத்துக் கையால் பிசைந்தால் தொட்டுக்கொள்ள ஆயிற்று. அப்பளத்தைக் கங்கில் வாட்டிக்கொள்ளலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சாம்பலில் புதைத்துவிட்டால் சாப்பிட்டு முடிப்பதற்குள் வெந்திருக்கும். கருவாடு சுடலாமே என்பார் எவராவது. ருசிதான், ஆனால் அந்த வாசனை நாம் போன பிறகும் அங்கேயே இருக்கும். வேண்டாம்.

களியும் ஒரே பாத்திரச் சமையல்தான், ஆனால் கை வலிமை கேட்கும். ஒரு பங்கு ராகி மாவுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு குழி குத்திவிட்டுக் கிண்டாமல் விட்டுவிட வேண்டும். குழி வழியே தண்ணீர் மேலேறி மாவை வேகவைக்கும். பத்து நிமிடம் கழித்து இறக்கி வைத்துக் கட்டியில்லாமல் கிண்டி, நனைத்த கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை. பாட்டி கிண்டும்போது பாத்திரத்தைக் காலால் அணைத்துக்கொள்வார். நாங்கள் இருவர் சேர்ந்து பிடித்துக்கொள்கிறோம்.

அணைப்பதற்கு மண்ணைப் போட்டு மூடினால் போதாது. உள்ளே கங்கு மறுநாள் காலைவரை உயிரோடிருக்கும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துச் சூடு தெரியாமல் போகும்வரை விடக்கூடாது. கத்திரித்தோல், கிழங்குத்தோல் எதுவும் வெளியே கிடக்கக் கூடாது. வெளியூரிலிருந்து வந்து அறையெடுத்துத் தங்குபவர்கள் அடுப்பு மூட்டலாமா என்று இடத்தின் உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கு ஓட்டல் சாப்பாடுதான்.