50 வாட்டா, 100 வாட்டா?

கேள்வி: நல்ல விலையில் ஒரு இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபையர் வாங்கப்போகிறேன். 50 வாட் போதுமா, 100 வாட் வேண்டுமா?

பதில்: வாட் இரு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் இரு மடங்காகக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே அந்த ஒரு எண்ணுக்காகப் பணத்தைக் கொட்டாதீர்கள். 8 ஓம் என்று அச்சிட்ட ஸ்பீக்கர்கள் பல, மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்கும் கீழ்ப்பகுதியில் 4 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே ஆம்ப் இரு மடங்கு மின்னோட்டம் தந்தாக வேண்டும். அதற்குத்தான் கனமான டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய ஹீட்சிங்கும். 8 ஓமில் 100 வாட், 4 ஓமில் 120 வாட் தருவதைவிட, 80ம் 150ம் தருவதையே நான் தேர்வேன்.

“எண்கள் எதற்கு, கேட்டாலே வித்தியாசம் தெரிகிறதே” என்பார்கள். வால்வ் ஆம்ப் என்றால் உண்மைதான்: அதன் வெளியீட்டு மின்தடை அதிகம் என்பதால் ஸ்பீக்கருக்கேற்ப ஒலியின் சாயல் மாறும். ஆனால் டிரான்சிஸ்டர் ஆம்ப்களில், அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே பெரும்பாலும் ‘தெளிவு’ என்று தோன்றிவிடுகிறது. கடையில் ஒப்பிடும்போது ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டின் வோல்ட்டையும் சமப்படுத்தச் சொல்லுங்கள். அப்புறமும் ஒன்று பிடித்தால் தயங்காமல் அதையே வாங்குங்கள்.