அடுப்பும் எரிபொருளும்

உணவின்றி உயிர் நில்லாது. தீயின்றி உணவு அமையாது. அத்தீயைப் பேணும் இடம் அடுக்களை. ஆயின், குடும்பத்தார் அனைவரையும் உண்பிக்கும் அத்தீயே, அதன் முன் அமர்ந்து சமைப்பாரின் கண்ணையும் நெஞ்சையும் கெடுத்தல் தகுமோ? வீட்டு அடுப்புப் புகை முதலியவற்றால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் மக்கள் இறந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

கொங்கு நாட்டு மகளிர் தம் நிலத்து விளைவின் மிச்சத்தையே நெடுங்காலம் எரித்து வந்தனர். கோவைப் பகுதியின் கரிசல் நிலத்தில் பருத்திமாரும், பொள்ளாச்சித் தோப்புகளில் தென்னை மட்டையும் பாளையும், பிற இடங்களில் வேல விறகும் வறட்டியும் அடுப்பேறின. காசு கொடாமற் கிடைத்தலே இவற்றின் சிறப்பு. ஆயினும், பழைய அடுப்பில் எரிபொருள் தரும் வெப்பத்துள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேரும், எஞ்சியது வீணாகும்.

இக்குறையை நீக்க எழுந்ததே புகையில்லா அடுப்பு. இந்திய அரசு 1983ஆம் ஆண்டில் மேம்பட்ட அடுப்புகளைப் பரப்பும் தேசியத் திட்டத்தைத் தொடங்கி, 2002 வரை நடத்திற்று. புகைபோக்கி புகையைக் கூரைக்கு மேலே செலுத்தும். ஆனால், கரி படிந்த குழாயைத் துடைக்காவிடின் புகை வீட்டினுள்ளே திரும்பும். ஈர விறகை இட்டால் நல்ல அடுப்பும் புகையும். அடுப்பை மட்டும் மாற்றினாற் போதாது; எரிபொருளையும் ஆராய்ந்து கொள்ளல் வேண்டும் என்பது இதனாற் புலனாம்.

மாடுடைய உழவர்க்குச் சாண எரிவாயு ஏற்றது. நாள்தோறும் 50 கிலோ அளவான சாணத்தை நீரிற் கரைத்துக் காற்றுப் புகாத கலத்தில் இட்டால், நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து மீத்தேன் மிக்க வாயுவைத் தரும். நாள்தோறும் 2 கன மீட்டர் வாயு தரும் கலம் நால்வர் ஐவர் உண்ணும் வீட்டிற்குப் போதும். வறட்டியாக எரித்தால் வயலுக்குரிய உரம் சாம்பலாகும். கலத்தில் இட்டாலோ அடுப்பிற்குத் தீயும் வயலுக்கு எருவும் ஒருங்கே கிடைக்கும்.

மாடில்லார்க்கு உதவுவது உருளை எரிவாயு. தமிழக அரசு 2007ஆம் ஆண்டில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் வழங்கத் தொடங்கிற்று. 2016 மே முதல் நாளன்று இந்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கிற்று. ஆயின், இணைப்பு ஒருமுறை பெறுவது; 14.2 கிலோ உருளையோ தீருந்தோறும் வாங்க வேண்டுவது. நாட்கூலி பெறுவார்க்கு அத்தொகையை ஒருங்கே கொடுத்தல் அரிது. ஆதலின், உருளை ஒருபுறம் இருக்க விறகடுப்பு மறுபுறம் எரியும் வீடுகளும் உள.

முற்றும் மாற இயலாதார் செய்யத்தக்கது யாது? அன்றாடச் சமையலை எரிவாயுவிற் செய்க. குளிக்கும் வெந்நீரை வீட்டிற்கு வெளியே உலர்ந்த மட்டையால் காய்ச்சுக. விறகைப் பிளந்து உலர்த்திப் பின் எரிக்க.

விறகு விலையின்றிக் கிடைப்பது என்பர். அதனைப் பொறுக்கிச் சுமந்த பொழுதையும், புகையில் மங்கிய கண்ணையும், இருமலுக்கு வாங்கிய மருந்தையும் அவர் கணக்கிற் சேர்ப்பதில்லை. பணத்தை எண்ணுவார் ஒருவராகவும் புகையை உண்பார் மற்றொருவராகவும் இருக்கும் வீட்டில் அக்கணக்கு நேராகாது. ஆதலின், எரிபொருளைத் தேர்வதில் அடுப்பின் முன் நிற்பாரின் சொல்லே முதற்கண் கேட்கத்தக்கது.